தவணைப் பலகையா, பழைய மரமா, வீட்டில் கிடப்பதா: வன்னி வீட்டுக்கு எது கட்டுப்படியாகும்?

இலங்கையின் வடக்கே, போரில் அழிந்து மீண்ட வன்னியில் நிரந்தர வீடு கட்டி முடித்த ஒரு குடும்பத்திடம், கூரை ஏறித் தரையும் இழுத்தபின், உள்ளே எதையாவது வாங்கி வைப்பதற்கு எஞ்சுகிற பணம் சொற்பமே. இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் ஒரு வீட்டுக்கு வழங்கப்பட்ட 550,000 ரூபா, வீட்டை எழுப்புவதற்கென்று கணக்கிடப்பட்ட தொகை. அதை முடிப்பதற்கே கடன்பட்டவர்கள் பலர். பின்னர் 2022 ஆம் ஆண்டு டொலர் ஒன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, இறக்குமதிப் பலகையில் செய்யப்படும் அலுமாரியும் மேசையும் அதனோடு சேர்ந்து ஏறின. 2024 சனவரியில் பெறுமதி சேர் வரியும் 15 வீதத்திலிருந்து 18 வீதமாகியது. இந்த நிலையில், வெறும் சுவரோடு நிற்கும் முன்னறையை நாலு பேர் வந்து இருக்கத்தக்கதாகவும் கண்ணுக்கு இதமாகவும் ஆக்க விரும்புகிறவருக்கு மூன்று வழிகள் உள்ளன. நகரத்துக் கடையில் பளபளக்கும் பலகைத் தளபாடத்தைத் தவணைக்கு எடுக்கலாம். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கைமாறும் பழைய மரச் சாமான்களை வாங்கித் திருத்தலாம். அல்லது வீட்டிலும் வளவிலும் ஏற்கெனவே கிடப்பவற்றை வேறு பயனுக்கு மாற்றலாம்.

இவற்றில் ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதில்லை. பாரம் தாங்குவதும் நிலத்தில் நிற்பதும் பழைய மரமாகவோ பழைய இரும்பாகவோ இருப்பது நல்லது. கண்ணுக்கானவை வீட்டிலிருந்தே வரலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத மெத்தை போன்றவற்றுக்கு மட்டும் புதிதாகப் பணம் கொடுப்பதே கட்டுப்படியாகும் என்பது என் கருத்து.

முதலில் கடைப் பலகை. மரத்தூளையும் சிராய்களையும் பசையோடு சேர்த்து அழுத்தி, மேலே மெல்லிய மெலமைன் தாள் ஒட்டிய இந்தப் பலகை, மேற்பரப்பில் சற்று நீர் பட்டால் சமாளித்துவிடும். அதன் பலவீனம் விளிம்பிலும் அடிப்பாகத்திலும் இருக்கிறது. கால் முனையில் தாள் சற்றுக் கிளம்பியிருந்தால், தரையைக் கழுவும் தண்ணீரே உள்ளே ஏறிவிடும்; ஏறிய இடம் ஊதும்; ஊதியது காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஐப்பசியிலிருந்து தை வரை மாரி நின்று பெய்யும் ஊரில் இது சிறிய குறையன்று. 2018 டிசம்பரில் இரணைமடுக்குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஒரு முழ நீரில் நின்றபின் எது மிஞ்சும், எது மிஞ்சாது என்பதை விளக்க வேண்டியதில்லை. மரக் கட்டிலைக் கழுவி நிழலில் உலர்த்தினால் மறுபடி படுக்கலாம். ஊதிப்போன பலகை அலுமாரியை அடுப்புக்குக் கூட வைக்க முடியாது, ஏனெனில் அதன் பசைப் புகை நல்லதல்ல.

தவணைக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, 60,000 ரூபா விலை எழுதிய அலுமாரிக்கு மாதம் 6,500 ரூபா வீதம் 12 மாதம் கட்டினால் 78,000 ரூபா ஆகிறது. அதாவது கூடுதலாகப் போகும் 18,000 ரூபாவில் பழைய மேசை ஒன்றைத் திருத்தி எடுக்கும் செலவின் பெரும்பகுதி அடங்கிவிடும். நெல்லும் உழுந்தும் கச்சானும் விற்று வாழும் குடும்பத்துக்கு வருமானம் போகத்தோடு வருகிறது. கட்டுக்காசோ மாதந்தோறும் வாசலில் வந்து நிற்கிறது. நுண்கடனால் வன்னிப் பெண்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள், அலங்காரத்துக்காக இன்னொரு தவணை அட்டையைத் திறக்கும் முன் இரண்டு முறை யோசிப்பார்கள்.

ஆயினும் கடைப் பலகைக்கும் ஓர் இடம் உண்டு. உட்சுவரில், நிலத்தைத் தொடாமல், ஆணி அறைந்து தூக்கி மாட்டும், பாரம் ஏறாத சிறு தட்டு போன்றவற்றுக்கு அது பொருந்தும்; நேரானது, தச்சுக்கூலி வேண்டாதது. பிளாஸ்ரிக் கதிரையையும் நான் பழிக்கமாட்டேன். செத்தவீட்டுக்கும் சாமத்தியச் சடங்குக்கும் அயலவர் வந்து கேட்கும்போது அடுக்கித் தூக்கிக் கொடுக்கக்கூடியது அதுவே. பிரம்பு பின்னிய பழைய கதிரையை அப்படிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

இனிப் பழைய மரம். வன்னிக் காட்டின் முதிரையும் பாலையும் ஒருகாலத்தில் வடக்கின் வீடுகளுக்கு நிலையாகவும் வளையாகவும் கட்டிலாகவும் போயின. இன்று முதிரையைப் புதிதாக வாங்குவது சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத காரியம், சட்டமும் இறுக்கமானது. ஆனால் யாழ்ப்பாணத்தில், நடுவே முற்றம் விட்டு நாற்புறமும் கட்டிய பழைய நாற்சார் வீடு ஒன்று இடிக்கப்படும்போதும், பிள்ளைகளோடு வெளிநாடு போகும் முதியவர்கள் வீட்டை ஒதுக்கும்போதும், அதே மரம் கதிரையாகவும் பெட்டகமாகவும் கதவாகவும் வெளியே வருகிறது. முதிரை மஞ்சள் சாயலும் மினுமினுப்பும் உடையது. பாலை கருஞ்சிவப்பு, தண்ணீரில் போட்டால் அமிழுமளவுக்குக் கனமானது. வேம்பும் நல்ல மரந்தான், ஆனால் வெட்டிய காலமும் காயவைத்த விதமும் சரியாக இல்லாவிட்டால் வெடிக்கும். தேக்கு எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்திருப்பதாலேயே வேறு மரத்துக்குத் தேக்குச் சாயம் அடித்து விற்பதும் நடக்கிறது. சாயத்தைச் சோதிக்க லாச்சியை முழுதாக வெளியே இழுத்து அதன் அடிப்பலகையைப் பார்க்க வேண்டும். யாரும் பொலிஷ் பூசாத அந்த இடத்தில் மரம் தன் சொந்த நிறத்தில் இருக்கும்.

வாங்குவதற்கு முன் சாமானை வெயிலுக்கு இழுத்துப் போட்டுப் பார்ப்பதற்கு வெட்கப்படக் கூடாது. ஓர் அலுமாரியை எடுத்துக்கொள்வோம். முதலில் அதைக் கவிழ்த்துக் கால்களின் அடியைப் பார்க்க வேண்டும். கறையான் ஏறியிருந்தால் மண் பாதையின் தடம் அங்கேதான் ஒட்டியிருக்கும். பின்பு விரல் மொளியால் பலகை நெடுகத் தட்டிக்கொண்டு போனால், கெட்டியான இடத்தில் இறுகிய ஒலியும் உள்ளே உளுத்த இடத்தில் வெற்றொலியும் கேட்கும். குண்டூசித் தலையளவு துளைகள் இருந்தால், அலுமாரிக்கு அடியில் ஒரு கறுப்புத் துணியை விரித்துக் கையால் பலமாகத் தட்ட வேண்டும். மாவு போன்ற வெளிர்ந்த தூள் புதிதாகக் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது. துளை மட்டும் இருந்து தூள் விழாவிட்டால் அது பெரும்பாலும் பழைய காயம். "அண்ணை, இது எப்பவோ மருந்தடிச்சது, ஒண்டும் செய்யாது" என்று விற்பவர் சொல்லக்கூடும். "அப்ப தம்பி, ரண்டு கிழமை உங்கட கொட்டிலிலேயே கிடக்கட்டும், தூள் விழேல்லை எண்டால் வந்து ஏத்திறன்" என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்லலாம். மறுப்பவரிடம் வாங்காமல் விடுவதில் நட்டம் எதுவும் இல்லை.

வண்டுத் துளைக்கு ஊசிக் குழாயால் மண்ணெண்ணெய் ஏற்றி மெழுகால் அடைப்பது எங்கள் பகுதித் தச்சர்களின் கைவைத்தியம். சிறிய பாதிப்புக்கு அது போதும். அதைச் செய்த இடத்தில் எண்ணெய் முற்றாக உலரும்வரை நெருப்பு அண்டக் கூடாது. கழிவு ஒயில் பூசுவது வேலிக் கட்டைக்கு உகந்தது; படுக்கையறைக்குள் அந்த நாற்றம் மாதக்கணக்கில் போகாது. பழைய பெயின்ற் பூசிய கதவையோ தொட்டிலையோ சுரண்டும்போது இன்னொரு கவனம் தேவை. வர்ணங்களில் ஈயத்தின் அளவுக்கு எல்லை விதிக்கும் கட்டுப்பாடு இலங்கையில் 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முந்திய பூச்சுகளில் ஈயம் அதிகமாக இருக்கலாம். ஆகவே உலர்ந்த சான்ட் பேப்பரால் தேய்த்துத் தூள் பறக்கவிடாமல், நனைத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, குழந்தைகள் விளையாடாத இடத்தில் அந்த வேலையை முடிக்க வேண்டும். தொட்டிலானால் பழைய பூச்சு முழுவதையும் எடுத்துவிட வேண்டும். அது முடியாவிட்டால் வாங்காமல் விடுவதே மேல்.

விலையை மட்டும் பார்த்துப் பழைய மரம் மலிவு என்று முடிவு கட்டுவது பிழையான கணக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வீதியால் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். ஒரு கதிரைக்காக மட்டும் பட்டா எனப்படும் சிறிய சரக்கு வாகனம் பிடித்தால் கூலியே கதிரையின் விலையைத் தொட்டுவிடும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே ஏற்றத்தில் கொண்டுவந்தால்தான் அது கட்டுப்படியாகும். அதன்மேல் தச்சுக்கூலி, பொலிஷ், பூட்டு, பிணைச்சல் என்று செலவு வரும். முழுச் செலவையும் கூட்டியபின் அது கடைப் பலகையின் விலைக்குச் சமமாக வந்தால்கூட நான் பழைய மரத்தையே தெரிவுசெய்வேன், ஏனெனில் ஐந்து ஆண்டின் பின் ஒன்றுக்கு விலை இருக்கும், மற்றதற்கு இருக்காது. சமத்தைத் தாண்டிப் போனால் அது அழகியல் ஆசை. ஆசைக்குச் செலவழிப்பதாகத் தெரிந்துகொண்டு செலவழிக்கலாம். வீட்டு வாசலின் அகலத்தையும் அளந்துகொண்டு போக வேண்டும். நாற்சார் வீட்டின் உயரத்துக்குச் செய்த பெட்டகமும் அலுமாரியும் வீடமைப்புத் திட்ட வீட்டின் கதவுக்குள் நுழையாமல் விறாந்தையிலேயே தங்கிவிடுவதுண்டு.

கழற்றிய மரத்தையும் வளைகளையும் ஏற்றிச் செல்வதற்கு மர அனுமதிப்பத்திரம் தேவையா என்பதை ஏற்றுவதற்கு முன்பே வனத் திணைக்களத்திலோ பிரதேச செயலகத்திலோ கேட்டுக்கொள்ள வேண்டும். வீதிச் சோதனையில் நின்றுகொண்டு விளக்கம் சொல்வது எளிதல்ல. அதைவிட முக்கியமான கேள்வி, சாமான் எங்கிருந்து வந்தது என்பது. 2008 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்து பின்பு மீளக்குடியமர்ந்த பலர், தங்கள் வீட்டுக் கதவும் நிலையும் யன்னலும் கூரை ஓடும் கழற்றப்பட்டிருக்கக் கண்டவர்கள். வேறு ஊர்களில் பழைய கதவு என்பது வெறும் பழைய கதவு. வன்னியில் அதற்கு உரியவர் இன்னும் அடுத்த ஒழுங்கையில் இருக்கக்கூடும். எந்த வீட்டுச் சாமான், யார் விற்றது என்று சொல்லிப் பற்றுச்சீட்டு எழுதித் தருகிறவரிடம் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாவது வாங்குவது மனத்துக்கும் நல்லது, வழக்குக்கும் நல்லது.

சரியாக வந்துசேர்ந்த பழைய மரம் வேறு உருவம் எடுக்கவும் இடம் கொடுக்கும். ஒற்றைக் கதவுப் பலகையைக் கிடையாக வைத்து இரண்டு பக்கமும் கால் பூட்டினால் ஆறுபேர் இருந்து சாப்பிடும் மேசையாகும். கொழுக்கி இருந்த பள்ளத்தை அடைக்காமல் விட்டால் அதுவே அழகு. கம்பி போட்ட பழைய யன்னல் சட்டத்துக்குப் பின்னால் கண்ணாடி பொருத்தினால் முன்னறைக்கு நிலைக்கண்ணாடி கிடைக்கும். வெளிச்சம் குறைந்த திட்ட வீட்டில் அது அறையையே அகலமாகக் காட்டும். பிரம்பு அறுந்த சாய்மனைக் கதிரைக்குத் திரும்பப் பிரம்பு பின்ன ஆள் கிடைக்காவிட்டால் நைலோன் நாடாவால் பின்னலாம். பார்க்கப் பிரம்பின் தகைமை இராது, ஆனால் முதுகுக்குத் தெரியாது. தளபாடக் கடைகளிலும் ஓட்டுக் கடைகளிலும் பொதி இறங்கியபின் ஒதுக்கும் சரக்குத் தட்டுப் பலகைகளும் தட்டு அடிப்பதற்கு நல்லவை. அவற்றில் ‘எச்.ரி.’ (HT) என்று சுட்டிருந்தால் சூட்டால் பதப்படுத்தியது, ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் மீதைல் புரோமைட்டு என்ற நச்சு வாயுவால் பதப்படுத்தியது, அதை வீட்டுக்குள் எடுக்காமல் விடலாம்.

அலுமாரிக்கு மட்டும் நான் மரத்தை வற்புறுத்த மாட்டேன். பழைய இரும்பு அலுமாரியைக் கறையான் தொடாது, பூட்டு உறுதியானது, துருவைச் சுரண்டி ரெட் ஒக்சைட் என்ற துருத்தடுப்புப் பூச்சைப் பூசி மேலே விருப்பமான நிறம் அடித்தால் புதிது போலாகிவிடும். மாங்குளம், மல்லாவி, ஒட்டுசுட்டான் போன்ற உட்பகுதிகளுக்கு அது மிகப் பொருத்தம். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்று அதே இரும்பை அடியிலிருந்து அரிக்கும். அங்கே மரமே மேல். எதை வைத்தாலும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தால், கறையான் சுவர் வழியே ஏறுவதைக் கண்ணால் கண்டு தடுக்கலாம்.

மூன்றாவது வழிக்கு ஏறத்தாழச் செலவே இல்லை, ஆனால் பொறுமை வேண்டும். திரைச்சீலைக்குக் கடைத் துணி வாங்குவதற்கு முன் பெட்டியில் மடித்துக் கிடக்கும் சேலைகளை எடுத்துப் பார்க்கலாம். சேலை ஒன்று ஏறத்தாழ ஐந்தரை மீற்றர், அதாவது 18 அடி நீளம். ஏழு அடிக் கதவுக்கு மடிப்பு விட்டு வெட்டினால் இரண்டு துண்டும், மீதியில் ஒரு மேசைவிரிப்பும் வரும். நான்கு அடி யன்னலானால் நான்கு துண்டு வரும். கரையைக் கீழே வருமாறு திருப்பித் தைக்காமல் பக்கவாட்டிலேயே விட்டால் தையல் வேலை பாதியாகும், சேலையின் கரையும் நெடுக்காக விழுந்து அறையை உயர்த்திக் காட்டும். பருத்திச் சேலை வெயில் விழும் யன்னலில் விரைவில் வெளிறும். நைலெக்ஸ் அவ்வளவு விரைவில் வெளிறாது, ஆனால் தீப்பொறி பட்டால் உருகிப் பற்றிக்கொள்ளும் என்பதால் குசினிப் பக்கம் அதைத் தொங்கவிடக் கூடாது. ஆடி ஆவணிக் காற்றில் செம்மண் புழுதி வீட்டுக்குள் வரும் ஊரில், கழுவிக் கழுவிப் போடக்கூடிய சேலைத் திரை, பாரமான கடைத் திரையைவிட எவ்வளவோ வசதியானது.

செம்பு, பித்தளைச் சாமான்கள் தப்பியிருந்தால் அவற்றைப் பழைய இரும்புக்காரரின் தராசில் போடுவதற்கு முன் ஒரு நாள் தள்ளிப்போட வேண்டும். நிறைக்கு விற்றால் கிடைப்பது உலோகத்தின் விலை மட்டுமே. மூக்குப்பேணி, கால் உடைந்த குத்துவிளக்கு, ஓட்டை விழுந்த கிடாரம் ஆகியவற்றைப் பழப்புளியும் சாம்பலும் போட்டு விளக்கி, விறாந்தை மூலையில் ஒன்றாகச் சேர்த்து வைத்தால் அந்த மூலைக்கு வேறு எதுவும் தேவைப்படாது. வீடு முழுவதும் ஒவ்வொன்றாகப் பரப்பி வைத்தால் அவை வெறும் தட்டுமுட்டுச் சாமானாகவே தெரியும். உரலும் அம்மியும் முற்றத்தில் பூச்சாடிக்கு மேடையாகலாம். ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை இயங்கிய காலத்து ஓடுகள் வளவில் கிடந்தால், பாத்திக்கு வரம்பாக நட்டுவைக்கலாம். அரிக்கன் லாம்புக்குள் சிறிய எல்ஈடி மின்குமிழைப் பொருத்தினால் வாசல் விளக்காகும். பழைய வயரைப் பயன்படுத்தாமல் புது வயரும் 13 அம்பியர் செருகியும் போட்டு, மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு செய்விக்க வேண்டும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தலில் எரித்த சிக்கன விளக்கை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அதற்கு எந்த மாற்றமும் வேண்டாம். தட்டில் அப்படியே வைத்தால் பிள்ளைகள் கேட்பார்கள், பெரியவர்கள் சொல்வார்கள்.

வளவில் கிடப்பதெல்லாம் வீட்டுக்குள் வரத் தகுந்ததல்ல. வெடிபொருள் பெட்டியையும் எறிகணைக் கோதையும் பூச்சாடியாக வைப்பது சில இடங்களில் வழக்கமாக இருந்தது. வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து பல ஆண்டுகளாகத் தொடர்ந்த நிலையில், எது வெற்றுக் கோது, எது வெடிக்காதது என்று சாதாரண மனிதர் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படி ஏதும் கண்டால் தொடாமல், அடையாளம் மட்டும் வைத்துவிட்டுப் பொலிஸாருக்கு 119 இல் அறிவிப்பதே செய்யத்தக்கது. பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினிப் போத்தலை எவ்வளவு கழுவினாலும் வீட்டுக்குள் எடுக்கக் கூடாது. பழைய அஸ்பெஸ்ரஸ் தகட்டை அறுத்து வேலை செய்யக் கூடாது. அறுக்கும்போது பறக்கும் இழை நுரையீரலுக்கு ஆபத்து. டயரில் பூங்கன்று வைப்பவர்கள் அடியில் துளை போட்டு மண்ணை நிரப்ப வேண்டும். நீர் தேங்கும் டயர் டெங்கு நுளம்பு பெருகுவதற்கு ஏற்ற இடம், 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வளவுக்காரர் மீது வழக்கும் வரலாம். பழைய மெத்தையும் பஞ்சுக் குசனும் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். மூட்டைப்பூச்சி ஒருமுறை வந்தால் நல்ல மரக் கட்டிலின் பொருத்துகளுக்குள்ளும் குடியேறிவிடும்.

இதுவரை சொன்னது சொந்த வீட்டுக்காரருக்கு. ஆசிரியராகவோ அரச அலுவலராகவோ கிளிநொச்சிக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடமாற்றம் பெற்று வந்து வாடகை அறையில் இருப்பவருக்குத் தெரிவு சற்று வேறு. அவருக்குக் கனமான முதிரைப் பெட்டகம் சுமையே. கடைப் பலகையும் உதவாது, ஏனெனில் ஒருமுறை கழற்றிப் பூட்டினாலே அதன் திருகாணித் துளைகள் தளர்ந்துவிடும். போல்ட் பூட்டிய பழைய கட்டில், மடக்குக் கதிரை, சேலைத் திரை, சுவரில் துளை போடாமல் சாத்தி வைக்கும் யன்னல் கண்ணாடி ஆகியவை போதும். போகும்போது கட்டிலை அடுத்து வரும் அலுவலருக்கே விற்றுவிடலாம். வாங்கிய விலையில் பெரும்பகுதி திரும்பிவரும், பட்டாக் கூலியும் மிஞ்சும்.